டல்லாஸ் டு சாண்டா ஃபே காரில்: பெரியவங்க, குழந்தைங்களோட அக்டோபர் பயணம், யோசனை சொல்லுங்க

ஃப்ரிஸ்கோ_செந்தில்

வணக்கம் மக்களே. அக்டோபர்ல பசங்களுக்கு லீவு வருது. ஊர்லேருந்து மாமனார், மாமியார் வந்திருக்காங்க. மாமியாருக்கு மூட்டுவலி, மாமனார் பிரஷர் மாத்திரை போடுறவர். ரெண்டு பேரும் சுத்த சைவம், முட்டை கூடக் கிடையாது. பையனுக்கு 12, பொண்ணுக்கு 7. ஏழு சீட்டு வண்டி.

இப்போதைக்குப் போட்டிருக்கிற திட்டம்: வியாழன் விடியக்காலைல கிளம்பி நேரா கார்ல்ஸ்பாட் குகை, ராத்திரி அலமொகோர்டோ. வெள்ளி காலைல வொயிட் சாண்ட்ஸ், சாயங்காலம் சாண்டா ஃபே. சனிக்கிழமை பாதி நாள் சாண்டா ஃபே, மத்தியானம் டவுஸ். ஞாயிறு பாண்டலியர் பாறைக் குகை வீடுகளைப் பார்த்துட்டு அப்படியே வீடு. திங்கள் ஆபீஸ்.

மனைவிக்கு ஓவியம்னா உயிர். ஜார்ஜியா ஓ'கீஃப் மியூசியம் பார்க்கணும்கிறது அவளோட ரொம்ப நாள் ஆசை. அதனாலதான் சாண்டா ஃபே. மத்ததெல்லாம் நான் சேர்த்தது. போனவங்க சொல்லுங்க, நடக்குமா?

சாலைக்கிறுக்கன்

செந்தில், வண்டி ஓட்டுறது நீங்க ஒருத்தர் மட்டுமா? அப்படின்னா இது லீவு இல்ல, டிரைவர் டூட்டி. மாமனார்கிட்ட பேட்டா கேட்டு வாங்கிக்குங்க.

ஃப்ரிஸ்கோலேருந்து கார்ல்ஸ்பாட் எட்டு மணி நேரம். குகைக்கு நேரம் குறிச்ச முன்பதிவு வேற வேணும். அங்கேருந்து அலமொகோர்டோவுக்கு மலை ஏறி இறங்கி மூணு மணி நேரம். வொயிட் சாண்ட்ஸ்லேருந்து சாண்டா ஃபே நாலு மணி நேரம். தெற்கு நியூ மெக்சிகோ ஒரு பயணம், வடக்கு இன்னொரு பயணம். ரெண்டையும் ஒட்டுப் போடாதீங்க.

சாண்டா ஃபே மட்டும்னா வழி சுலபம். 380ல டிகேட்டர் போய் 287 பிடிங்க. விச்சிட்டா ஃபால்ஸ், சில்ட்ரஸ், கிளாரண்டன், அமரிலோ. அப்புறம் ஐ-40ல மேற்கே டுகம்காரி, சாண்டா ரோசா, கிளைன்ஸ் கார்னர்ஸ். அங்கே வடக்கே திரும்பி யு.எஸ். 285. மொத்தம் சுமாரா 640 மைல். நிறுத்தாம போனா பத்து மணி நேரம். ஆனா உங்க வண்டில இருக்கிறவங்களை வச்சுப் பார்த்தா பதிமூணு.

287ல ஒரு விஷயம். 75ல போயிட்டே இருப்பீங்க, சின்ன ஊர் வந்ததும் சடசடன்னு 35க்கு இறங்கும். அந்தப் பலகைக்குப் பின்னாடியே போலீஸ் மாமா நிப்பாரு. ஊர் பேரைப் பார்த்ததும் காலை எடுத்துடுங்க.

வழியில நிறுத்த: அமரிலோவுக்குத் தெற்கே பாலோ டூரோ பள்ளத்தாக்கு, நேரம் இருந்தா மட்டும். அமரிலோ தாண்டினதும் ஐ-40 ஓரமா காடிலாக் ரேஞ்ச். 1974ல பத்து காடிலாக் காரை மூக்கு குத்துற மாதிரி வயல்ல புதைச்சு வச்சிருக்காங்க. ஸ்ப்ரே பெயிண்ட் டப்பா வாங்கிட்டுப் போனா நீங்களும் அடிக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. காசும் கிடையாது. மழை பேஞ்சிருந்தா சேறு, பழைய செருப்பு போட்டுக்கிட்டுப் போங்க.

ராத்திரி டுகம்காரில தங்கிடுங்க. பழைய ரூட் 66 ஊர், நியான் விளக்கு மோட்டல்கள் இன்னும் எரியுது. ப்ளூ ஸ்வாலோ 1939லேருந்து இருக்கு, ரூம் கிடைச்சா விடாதீங்க. டுகம்காரி 4,000 அடி உயரம், சாண்டா ஃபே 7,000. பிரஷர் இருக்கிறவர் ஒரே நாள்ல ஏறாம நடுவுல ஒரு ராத்திரி தூங்குறது நல்லது.

கிளைன்ஸ் கார்னர்ஸ்ல பெட்ரோல் போட்டுக்குங்க. அதுக்கப்புறம் 285ல புல்லும் வானமும்தான்.

மணல்மேடு

நான் ஆல்புகர்க்கியில் இருக்கிறேன். சாலைக்கிறுக்கன் சொன்ன வழிதான் சரி. கூடுதலாகச் சில.

எந்த வாரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் வாரத்தில் எங்கள் ஊரில் பலூன் திருவிழா. அந்த ஒன்பது நாளும் ஆல்புகர்க்கியில் மட்டுமல்ல, சாண்டா ஃபேயிலும் ஓட்டல் வாடகை தாறுமாறாக ஏறும். பலூன் பார்க்க ஆசை இருந்தால் அதற்கென்றே வாருங்கள், இல்லையென்றால் அடுத்த வாரம் வாருங்கள். மலையில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாவதும் ஏறக்குறைய அந்தச் சமயம்தான்.

வொயிட் சாண்ட்ஸை விட்டுவிட்டாலும் பின்னால் படிப்பவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். அங்கிருந்து லாஸ் க்ரூசஸ் பக்கம் போகும் யு.எஸ். 70இலும், லாஸ் க்ரூசஸுக்கு வடக்கே ஐ-25இலும் எல்லைக் காவல் சோதனைச் சாவடி உண்டு. விசிட்டர் விசாவில் வந்த பெற்றோர் என்றால் பாஸ்போர்ட், நாட்டுக்குள் நுழைந்ததற்கான ஐ-94 காகிதம். எச்-1பி வேலை விசா என்றால் 797 ஒப்புதல் காகிதம் கையில் இருக்கட்டும். சாண்டா ஃபே பாதையில் சாவடி கிடையாது. ஆனாலும் காகிதங்கள் வண்டியில் இருப்பதுதான் சட்டப்படி சரி.

ஓ'கீஃப் மியூசியம் பற்றி உங்கள் மனைவியிடம் ஒன்று சொல்லுங்கள். 1997இல் திறந்தது, அளவில் சின்னதுதான். அவருடைய பெரிய பூ ஓவியங்களில் பல நியூயார்க், சிகாகோ மியூசியங்களில் இருக்கின்றன. இங்கே மாட்டியிருப்பதை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பூவை மட்டும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். அவர் வரைந்த இடங்களைப் பார்க்க வேண்டுமென்றால் யு.எஸ். 84இல் வடக்கே ஒரு மணி நேரம் போய் அபிக்யூ, கோஸ்ட் ராஞ்ச் பாருங்கள். சிவப்பும் மஞ்சளுமாக வரிவரியாக நிற்கும் பாறைச் சுவர்கள், எதிரே தட்டையான உச்சியுடன் பெடர்னல் மலை. திரும்பத் திரும்ப அந்த மலையை வரைந்தார். 1986இல் இறந்தபிறகு அவர் சாம்பலைத் தூவியதும் அங்கேதான். அபிக்யூவில் அவர் வாழ்ந்த வீட்டுக்கு முன்பதிவு இல்லாமல் விடமாட்டார்கள், இப்போதே போட்டுவிடுங்கள்.

வேப்பமரம்

எல்லாரும் ஆஹா ஓஹோன்னு சொல்றீங்க, நான் ஒருத்தனாவது உண்மையைச் சொல்றேன். சாண்டா ஃபே ஒரு சினிமா செட்டு. மண் வீடு மண் வீடுங்கிறாங்க, தட்டிப் பாருங்க, முக்கால்வாசி சிமெண்ட் பூச்சு, உள்ளே மரச்சட்டம். பேங்க் மண் கலர், பார்க்கிங் கட்டடம் மண் கலர், மருந்துக்கடை மண் கலர். கேன்யன் ரோடுன்னு கேலரித் தெரு, அங்கே ஒரு வெண்கல முயல் பொம்மை விலை என் கார் விலை. பிளாசாங்கிற நடுச் சதுக்கத்தைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்தா முடிஞ்சுது. அதுக்கு 640 மைலா? பசங்களை வச்சுக்கிட்டு கொலராடோ போங்க, மலையாவது நிஜ மலை.

ஃப்ரிஸ்கோ_செந்தில்

இதுவும் கேட்க வேண்டிய பக்கம்தான். மத்தவங்க என்ன சொல்றீங்க? மனைவி இதைப் படிச்சுட்டு முறைக்கிறாங்க :)

கௌரி_ஆஸ்டின்

வேப்பமரம் சார், செட்டுன்னு நீங்க சொல்றதுல பாதி சரி. நான் கட்டடக் கலை படிச்சவ, அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன், பொறுத்துக்கோங்க.

1610ல ஸ்பானியர்கள் தலைநகரா ஆக்கின ஊர் இது. அமெரிக்காவுல இதைவிடப் பழைய மாநிலத் தலைநகர் கிடையாது. 1821ல மெக்சிகோ விடுதலையானதும் மிசூரிலேருந்து வண்டிப்பாதை திறந்து வியாபாரம் கொழிச்சுது. 1880ல ரயில் வந்தப்போ பிரதான பாதை ஊருக்குள்ள வரல, 18 மைல் தள்ளி லேமிலயே போயிடுச்சு. அதுக்குப் பேர்தான் அட்சிசன், டொபீகா அண்ட் சாண்டா ஃபே ரயில்வே, பேர்ல மட்டும் ஊர் இருந்தது! வியாபாரம் ஆல்புகர்க்கிக்குப் போச்சு, ஊர் படுத்துது. நடுவுல கொஞ்ச காலம் இந்த ஊர்க்காரங்களே மண் சுவரை மறைச்சு செங்கல், தகரக் கூரை, விக்டோரியன் கைப்பிடின்னு அமெரிக்கன் ஊர் மாதிரி வேஷம் போட்டாங்க.

1912ல மாநில அந்தஸ்து கிடைச்ச வருஷம், ஊர்ப் பெரியவங்களும் மியூசியம் ஆளுங்களும் உக்காந்து யோசிச்சாங்க. நம்மகிட்ட வேற எந்த ஊர்லயும் இல்லாதது என்ன இருக்கு? மண் வீடு. அதையே முகமா வச்சுக்கிட்டாங்க. பிளாசா ஓரமா இருக்கிற ஸ்பானியர் காலத்துக் கவர்னர் மாளிகைக்கு முன்னாடி இருந்த விக்டோரியன் வேலைப்பாட்டை எடுத்துட்டு இப்போ இருக்கிற மரத்தூண் தாழ்வாரத்தை 1913ல கட்டினாங்க. 1917ல கலை மியூசியத்தைப் பழைய மிஷன் தேவாலயங்கள் சாயல்ல கட்டினாங்க. 1957ல சட்டமே போட்டு, பழைய நகரத்துல எது கட்டினாலும் இந்தப் பாணிதான்னு ஆக்கிட்டாங்க. ஆக, சுற்றுலாவுக்காகத் திட்டம் போட்டுச் செஞ்சதுதான். ஆனா அந்தச் சட்டம் இல்லேன்னா இன்னிக்கு அங்கே எல்லா ஊர்லயும் இருக்கிற அதே நாலு கடை, அதே கண்ணாடிக் கட்டடம் நிக்கும். எனக்கு இந்த வேஷம் பரவாயில்ல.

நிஜ மண்ணு வேணும்னா நகரத்தை விட்டு வெளிய போங்க. டவுஸுக்குக் கொஞ்சம் முன்னாடி ராஞ்சோஸ் டி டவுஸ்னு ஒரு இடம். அங்கே இருக்கிற சான் ஃப்ரான்சிஸ்கோ தேவாலயத்தோட பின்பக்கத்தைத்தான் ஓ'கீஃப் வரைஞ்சார், ஆன்சல் ஆடம்ஸ் படம் எடுத்தார். ஜன்னல் இல்ல, அலங்காரம் இல்ல, யானைக்கால் மாதிரி தடிச்ச முட்டுச் சுவர் மட்டும். வருஷா வருஷம் ஜூன்ல ஊர்ச்சனம் கூடி மண்ணும் வைக்கோலும் குழைச்சுப் பூசுறாங்க. 1960கள்ல இந்த வேலையே வேண்டாம்னு சிமெண்ட் பூசிப் பார்த்தாங்க. ஈரம் வெளிய வர வழியில்லாம உள்ளே தங்கி மண் சுவர் இளக ஆரம்பிச்சுடுச்சு. 1979ல சிமெண்டை உரிச்சுப் போட்டுட்டு மறுபடி மண்ணுக்கே வந்தாங்க. கிட்டப் போய்ப் பாருங்க, வைக்கோல் துண்டு வெயில்ல மினுங்கும், பூசின உள்ளங்கை வளைவு அப்படியே தெரியும்.

வேப்பமரம்

சிமெண்ட் கதை தெரியாது, நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கறேன் மேடம். கேன்யன் ரோடு ஒரு காலத்துல வாய்க்கால் பாசனத்துல சோளமும் மிளகாயும் போட்ட ஸ்பானிஷ் குடும்பங்க இருந்த தெரு. இப்போ அந்த வீடெல்லாம் கேலரி. வீட்டு வரியும் விலையும் ஏறி அந்தக் குடும்பங்க எங்கே போனாங்க? ஓட்டல்ல பெட்ஷீட் மாத்தறவங்க ஊருக்கு வெளியேருந்து வந்து போறாங்க. அதையும் பார்த்துட்டு ரசிக்கச் சொல்லுங்க.

கௌரி_ஆஸ்டின்

இதுக்கு எங்கிட்ட மறுப்பு இல்ல சார். கேன்யன் ரோட்டுக்கு இணையா அசெக்கியா மாத்ரேன்னு அந்தப் பழைய வாய்க்கால் இன்னும் இருக்கு. செந்தில் குடும்பம் கேலரி பார்த்துக் களைச்சா அந்தத் தெருவுல ஒரு நடை போகலாம், கூட்டமே இருக்காது. முதல்ல வந்த ஓவியர்களும் பணக்காரங்க இல்ல. 1920கள்ல அஞ்சு இளைஞர்கள் பக்கத்துல நிலம் வாங்கித் தாங்களே மண் கல் அறுத்து வீடு கட்டிக்கிட்டாங்க. மண் குடிசையில அஞ்சு கிறுக்கனுங்கன்னு ஊரே கேலி பண்ணுச்சு.

மணல்மேடு

அந்த ஐவரில் ஒருவர் வில் ஷூஸ்டர். 1924இல் அவர் ஆரம்பித்ததுதான் ஸோஸோப்ரா. செப்டம்பர் தொடக்கத்துத் தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டி, ஐம்பது அடிப் பொம்மை ஒன்றைக் கட்டி நிறுத்தி எரிப்பார்கள். ஊர்க்காரர்கள் விவாகரத்துக் காகிதம், அடைத்து முடித்த கடன் பத்திரம் எல்லாவற்றையும் அதன் வயிற்றில் திணிப்பார்கள். கேலரிக்காரர், பெட்ஷீட் மாற்றுபவர் என்று பேதமில்லாமல் ஒரே கூட்டமாக நின்று கத்துவது அன்றைக்குத்தான். வேப்பமரம் அவர்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

செந்தில், உங்கள் பையனுக்கு ஒரு கதை. வண்டியிலேயே சொல்லிவிடுங்கள், அப்புறம் பிளாசாவில் அவன் கண்ணே வேறு மாதிரி பார்க்கும். ஸ்பானியர்கள் இங்குள்ள பூர்வகுடிகளான புவெப்லோ மக்களிடம் கட்டாய வேலை வாங்கினார்கள், சோளத்தையும் துணியையும் வரியாகப் பிடுங்கினார்கள், அவர்களுடைய வழிபாட்டைத் தடுத்தார்கள். 1675இல் சூனியம் வைத்ததாகப் பிடித்துச் சவுக்கால் அடித்தவர்களில் ஒருவர் போப்பே. ஐந்து வருடம் கழித்து அவர் டவுஸிலிருந்து ஓட்டக்காரர்களை ஊர் ஊராக அனுப்பினார். ஒவ்வொருவர் கையிலும் முடிச்சுப் போட்ட கயிறு. தினம் ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும், கடைசி முடிச்சு அவிழும் நாளில் எல்லா ஊரும் ஒன்றாக எழ வேண்டும். இரண்டு ஓட்டக்காரர்கள் பிடிபட்டதால் ஒரு நாள் முந்திக்கொண்டு 1680 ஆகஸ்ட் 10இல் எழுந்தார்கள். ஸ்பானியர்கள் கவர்னர் மாளிகைக்குள் அடைந்துகொள்ள, வெளியே தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் எல் பாசோவுக்கு ஓடினார்கள். பன்னிரண்டு வருடம் அந்த மாளிகை புவெப்லோ மக்கள் கையில் இருந்தது.

அதே மாளிகையின் தாழ்வாரத்தில்தான் இன்று அவர்களின் வழிவந்தவர்கள் துணி விரித்து நகை விற்கிறார்கள். பிளாசா நடுவில் இருந்த கல்தூணில் பூர்வகுடிகளைக் காட்டுமிராண்டிகள் என்று பொறித்திருந்தது. அந்தச் சொல்லை 1974இல் ஒருவர் உளியால் செதுக்கி எடுத்தார், 2020 அக்டோபரில் தூணையே கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தார்கள். ஊர் இன்னும் அதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. செட் என்றால் இப்படி யாரும் அடித்துக்கொள்ள மாட்டார்கள்.

யாழினி_டென்வர்

நாங்கள் டென்வரில இருந்து ஐ-25ஆல அடிக்கடி போறனாங்கள், ஆறு மணித்தியாலம். டவுஸ் பற்றிக் கொஞ்சம் சொல்லுறன்.

டவுஸ் புவெப்லோ கட்டாயம் பாருங்கோ செந்தில் அண்ணை. ஆயிரம் வருசமா ஆக்கள் விடாமல் இருக்கிற ஊர். மண்ணால கட்டி அஞ்சு தட்டு வரைக்கும் ஏத்தியிருக்கினம். பழைய வீடுகளுக்குள்ள கரண்டும் இல்லை, குழாய்த் தண்ணியும் இல்லை. நடுவால ஓடுற ஆத்துத் தண்ணியைத்தான் பாவிக்கிறவை. ஆனால் அது காட்சிச்சாலை இல்லை, ஆக்கள் குடியிருக்கிற இடம். கேக்காமல் ஒருத்தரையும் படம் எடுக்கக் கூடாது. பெருநாள் எண்டால் கமராவே கூடாது, ஆட்டம் முடிய கைதட்டவும் கூடாது, அது அவையின்ர கும்பிடு. செத்தவீடு, சடங்கு எண்டால் மூடிப்போடுவினம், அதால வெளிக்கிட முன்னம் பாத்திட்டு வெளிக்கிடுங்கோ. நிலம் முழுக்க மண்ணும் கல்லும், மாமிக்கு ஊன்றுகோல் கொண்டு போங்கோ.

போகேக்க மலைப்பாதையால போங்கோ: சிமாயோ, ட்ரூச்சஸ், லாஸ் ட்ராம்பஸ். சிமாயோ சின்னக் கோயில். பெரிய வெள்ளிக்கு ஆயிரக்கணக்கில ஆக்கள் நடந்து வருவினம். பக்கத்து அறையில நிலத்தில ஒரு குழி, அதுக்குள்ள இருக்கிற மண்ணை அள்ளிப் பூசுவினம், வீட்டையும் கொண்டு போவினம். சுகமானவை விட்டிட்டுப் போன ஊன்றுகோல் சுவர் முழுக்கத் தொங்குது. திரும்பேக்க ஆத்தோட வாற கீழ்ப்பாதை, அது கெதியா வரும்.

சைவம் எண்டதால இன்னொண்டு: டவுஸில நீம் கரோலி பாபா ஆச்சிரமத்தில ஆஞ்சநேயர் கோயில் இருக்கு. மாமா மாமிக்குப் பிடிக்கும்.

சாலைக்கிறுக்கன்

சாப்பாடு. எந்த ஹோட்டல் போனாலும் சிவப்பா பச்சையான்னு கேப்பாங்க, மிளகாய்ச் சாறைத்தான். ரெண்டும் வேணும்னா கிறிஸ்மஸ்னு சொல்லணும். நம்ம நாக்குக்கு ஏத்த ஊர். ஆனா சைவத்துக்குக் கண்ணி நிறைய. பச்சைச் சாறுல பன்றி இறைச்சி போடுறது சகஜம், பீன்ஸ்ல கொழுப்பு போடுற இடம் உண்டு, சோறு கோழித் தண்ணில வேகும், பிஸ்கோசீட்டோ பிஸ்கட்டுல பன்றிக் கொழுப்புதான் பாரம்பரியம். ஒவ்வொண்ணையும் தனித்தனியா கேளுங்க. வெஜிடேரியன்னு மட்டும் சொன்னா தலையாட்டிட்டுப் போயிடுவாங்க. நீலச் சோள என்சிலாடா, சீஸ் மட்டும் வச்சு, சிவப்புச் சாறு ஊத்தி, சாறுல கறி இல்லேன்னு உறுதி பண்ணிக்கிட்டு. அது போதும், சொர்க்கம்.

குக்கர், புளிசாதப் பொடி எடுத்துட்டுப் போங்கன்னு தனியா சொல்லணுமா?

ஃப்ரிஸ்கோ_செந்தில்

எல்லாருக்கும் நன்றி. புதுத் திட்டம்: வியாழன் மதியம் கிளம்பி அமரிலோ. வெள்ளி காலைல காடிலாக் ரேஞ்ச், மெதுவா சாண்டா ஃபே. சனி முழுக்க ஊருக்குள்ள. ஞாயிறு மலைப்பாதைல டவுஸ். திங்கள் காலைல பாண்டலியர், மதியத்துக்கு மேல கிளம்பி டுகம்காரி. செவ்வாய் லீவு போட்டாச்சு. தெற்கு வேற வருஷம். வாடகை கம்மியா இருக்கிற ரெண்டாவது வாரத்துக்கு மாத்திட்டேன்.

ரெண்டு கேள்வி. மாமியார் அந்தத் தாழ்வாரத்துல வெள்ளி நகை வாங்கணும்கிறாங்க. பேரம் பேசலாமா? பாண்டலியர்ல மூட்டுவலிக்காரங்களுக்கு என்ன இருக்கு?

வேப்பமரம்

பேரம் பேசாம வாங்கினா நம்ம ஆளே இல்ல. பாதிக்குக் கேளுங்க.

கௌரி_ஆஸ்டின்

செந்தில், பாதிக்குக் கேக்காதீங்க. அங்கே உக்கார்றவங்க நினைச்சபடி வந்து கடை போட்டவங்க இல்ல. மியூசியத்தோட திட்டம் அது. செஞ்சவங்களோ அவங்க குடும்பமோதான் விக்கணும், நகையில செஞ்சவரோட முத்திரை இருக்கணும். இடத்துக்குக் காலையில சீட்டுக் குலுக்குவாங்க. ரெண்டு மூணு வாங்கினா கொஞ்சம் குறைப்பீங்களான்னு மரியாதையா கேக்கலாம், அவ்வளவுதான்.

வெளிக் கடைகள்லதான் உஷாரா இருக்கணும். பூர்வகுடிகள் செய்யாததைச் செஞ்சதா சொல்லி விக்கிறது 1990 சட்டப்படி குற்றம், ஆனாலும் நடக்குது. டர்க்காய்ஸ் வாங்கறப்போ மூணு கேள்வி கேளுங்க: செஞ்சவர் பேர் என்ன, எந்த இனக்குழு, கல்லு இயற்கையா இல்ல பிசின் ஏத்தினதா. பிசின் ஏத்தின கல் மோசடி இல்ல, மென்மையான கல்லை உறுதிப்படுத்துற வழக்கம்தான். விலைதான் அதுக்கு ஏத்த மாதிரி குறையணும். பதில் எழுதித் தரமாட்டேன்னா கிளம்பி வந்துடுங்க. கடை பூட்டப்போறோம் எழுபது சதம் தள்ளுபடின்னு வருஷம் முழுக்க எழுதி வச்சிருக்கிற இடத்துக்கு உள்ளேயே போகாதீங்க.

இன்னொண்ணு, மாமியாருக்காக. மியூசியம் ஹில்ல சர்வதேச நாட்டுப்புறக் கலை மியூசியம் இருக்கு. ஓ'கீஃபுக்கு ஒரு மணி நேரம் போதும், இதுக்கு அரை நாள் வையுங்க. அலெக்சாண்டர் ஜிரார்டுன்னு ஒரு வடிவமைப்பாளர் ஒரு லட்சத்துக்கு மேல பொம்மை, துணி, விளையாட்டுச் சாமான்னு உலகம் பூரா சேர்த்து இங்கே குடுத்துட்டார். அதுல பத்தாயிரம் போல 1982லேருந்து ஒரே கூடத்துல காட்சிக்கு இருக்கு, அவரே அடுக்கினது. போய்ப் பாருங்க, உலகத்துலயே பெரிய கொலு. சந்தை, கல்யாணம், ஊர்வலம்னு ஒவ்வொரு கண்ணாடிக்குள்ளயும் ஒரு ஊரே இருக்கும். நம்ம நாட்டுப் பொம்மைகளும் உண்டு. பக்கத்துல பேர்ச்சீட்டு ஒட்ட வேண்டாம்னு வச்சிருக்கார். வேணும்கிறவங்க கையேடு எடுத்துக்கலாம். நல்ல சமதளம், உக்கார இடமும் இருக்கு.

மணல்மேடு

பாண்டலியரில் பிரதானச் சுற்றுப்பாதை ஒன்றரை மைலுக்குள்தான். முதல் பகுதி சமதளம், மாமியார் அதுவரை வந்து பாறைக் குகை வீடுகளைக் கீழிருந்து பார்க்கலாம். எரிமலைச் சாம்பல் இறுகிய மென்பாறை அது, குடைந்து வீடாக்கியிருக்கிறார்கள். ஏணி ஏறுவது விருப்பம்தான். ஆல்கோவ் ஹவுஸ் 140 அடி உயரம், நாலு மர ஏணி. ஏழு வயதுக் குழந்தைக்குக் கீழே ஒருவர், மேலே ஒருவர் இல்லாமல் வேண்டாம். அக்டோபர் நடுப்பகுதி வரை பகல் நேரத்தில் ஒயிட் ராக்கில் வண்டியை விட்டு ஷட்டிலில் போகச் சொல்வதுண்டு, கிளம்புமுன் பாருங்கள்.

ஃப்ரிஸ்கோ_செந்தில்

போயிட்டு வந்தாச்சு. சுருக்கமா.

காடிலாக் ரேஞ்ச்ல மாமனார்தான் ஹீரோ. பசங்ககிட்ட இருந்து டப்பாவைப் பிடுங்கி, மூணாவது காரோட கதவுல ஊர்ப் பேரைத் தமிழ்ல பெரிசா அடிச்சார். மேல அடுத்த குடும்பம் அடிக்கிறதுக்குள்ள படம் எடுக்கச் சொல்லி ஒரே அவசரம்.

முதல் ராத்திரி மனைவிக்கும் பையனுக்கும் தலைவலி. மாத்திரைக்காரரான மாமனாருக்கு ஒண்ணுமில்ல! தண்ணி நிறைய குடிச்சாங்க, காலைல சரியாச்சு. ஓ'கீஃப் மியூசியம் மனைவிக்குத் திருப்தி. எலும்பு ஓட்டை வழியா வானத்தைப் பார்த்து வரைஞ்ச ஓவியம் ஒண்ணு முன்னாடி நின்னவ நகரவே இல்ல. லொரெட்டோ சாப்பல்ல நடுத்தூண் இல்லாம ரெண்டு சுத்து சுத்தி ஏறுற மரப்படிக்கட்டு. மாமனார் மர வியாபாரம் பண்ணவர், டிக்கெட் காசு அதிகம்னு முணுமுணுத்துக்கிட்டே வந்தவர் கால் மணி நேரம் இணைப்பெல்லாம் குனிஞ்சு குனிஞ்சு பார்த்தார். பசங்களுக்கு மியாவ் வுல்ஃப், உள்ளே புகுந்து பார்க்கிற கலைக்கூடம். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தா உள்ளே வேற உலகம், வெளிய இழுத்துட்டு வர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. பெரியவங்களுக்கு அந்த இரைச்சல் ஒத்து வராது, வெளிய உக்கார வைங்க.

மாமியார் ஜிரார்டு கூடத்துல ஒவ்வொரு கண்ணாடிக்கும் நின்னு, இவர் படி வைக்கலையே, மேல தெய்வம் கீழ மனுஷாள்னு ஒரு வரிசை வேணாமான்னு குறை சொல்லிக்கிட்டே பார்த்தாங்க. மூட்டுவலி பத்திப் பேச்சே இல்ல. தாழ்வாரத்துல ஒரு அம்மாகிட்ட சின்ன வெள்ளித் தோடு வாங்கினாங்க, சொன்ன விலைக்கு. வேப்பமரம் சார் மன்னிக்கணும்.

பிடிக்காதது: ஓட்டல் பில்லுல முன்னாடி சொல்லாத ஒரு தினக் கட்டணம். பதிவு பண்ணறப்போவே மொத்தத் தொகை கேட்டு வாங்கிக்குங்க. கேன்யன் ரோடு அஞ்சு மணிக்கே பூட்டிடுது, நடைபாதையும் மேடு பள்ளம். டவுஸ் புவெப்லோ அன்னிக்குத் திறந்திருந்தது, யாழினி சொன்ன மாதிரியே ஊன்றுகோல் இல்லாம முடியாது.

வேப்பமரம்

தோடுக்கு எவ்வளவுன்னு சொல்லல பாருங்க. அதுலயே தெரியுது.

கேட்டி_ரமேஷ்

பழைய இழையை எழுப்புறேன், மன்னிக்கவும். இதே பயணம் கிறிஸ்மஸ் சமயத்துல போகலாமா? ஹூஸ்டன் பக்கத்துல கேட்டிலேருந்து வர்றோம், பனியில ஓட்டிப் பழக்கம் இல்ல.

சாலைக்கிறுக்கன்

போகலாம். ஆனா பனிப்புயல் வந்தா ஐ-40ஐ அமரிலோவுக்கும் ஆல்புகர்க்கிக்கும் நடுவுல மூடிடுவாங்க. நடுவுல ஒரு நாள் கையில வச்சுக்குங்க, ரத்து பண்ணக்கூடிய ரூமாப் போடுங்க. 285ல காத்து பனியை ரோட்டுக்குக் குறுக்கே அடிக்கும், இருட்டுறதுக்கு முன்னாடி தாண்டிடுங்க. கம்பளி, தண்ணி, ஒரு சின்ன மண்வெட்டி வண்டில இருக்கட்டும்.

மணல்மேடு

டிசம்பர் 24 மாலை கேன்யன் ரோட்டில் இருக்கும்படி வாருங்கள். காகிதப் பைக்குள் மணல் போட்டு மெழுகுவத்தி ஏற்றித் தெரு நெடுக, மதில் மேல், கூரை விளிம்பில் எல்லாம் வைத்திருப்பார்கள். அன்று அந்தத் தெருவில் வண்டி விடமாட்டார்கள். நல்ல கூட்டம் வரும். வண்டியை ரயில்யார்டு பக்கம் விட்டுவிட்டு நடந்து வாருங்கள். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும், குழந்தைகளுக்குக் கையுறையும் காதுமூடியும் ஹூஸ்டனிலேயே வாங்கிவிடுங்கள், பிளாசா கடைகளில் வாங்கினால் வேப்பமரம் சொன்ன முயல் விலைதான்.